தொட்டிக்குள் விழுந்த நிழல்

குளத்தை மூட மண் அடித்த டிப்பர் லாரி ஓட்டுநர், கடைசி நாளன்று ஒரு பெயின்ட் வாளியில் ஏழு கெண்டைக் குஞ்சுகளோடு வீட்டுக்கு வந்தார். ஒன்றுகூடத் தேறாது என்றுதான் அவர் மனைவி நினைத்தாள். அவரோ குழாய்த் தண்ணீரை குளோரின் போக ஒரு நாள் முழுக்க வேறொரு வாளியில் வைத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கண்ணாடித் தொட்டியில் ஊற்றி, குஞ்சுகளை அதில் விட்டார். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட அந்த மனிதர் இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை. ஏழும் பிழைத்துக்கொண்டன.

மூன்றாவது வாரம், ஒரு பிற்பகலில், தொட்டிக்குள் ஒரு கிளையின் நிழல் விழுந்தது. மீன்கள் அதனடியில் போய் ஒண்டிக்கொண்டன. ஜன்னலுக்கு வெளியே மரம் எதுவும் இல்லை. தொட்டியைச் சமையலறைக்கு மாற்றினார். நிழலும் கூடவே வந்தது.

"குளத்தோரம் ஒரு மரம் இப்படித்தான் சாஞ்சு நின்னுச்சு," என்றார். "அதை வெட்டி, நாந்தான் முதல் லோடா ஏத்திட்டுப் போனேன்."

"அதுங்க எங்க இருந்தாலும் மரம் தேடி வந்துடுச்சு பாருங்க," என்றாள் அவள். அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

கிளை லேசாக ஆடியது. நீண்ட அலகுள்ள ஒரு பறவையின் நிழல் அதன் நுனியில் வந்து உட்கார்ந்தது. ஏழு மீன்களும் அடிமணலில் பதுங்கின.

அவர் அவசரமாகத் தொட்டியின் மூடியை எடுத்து இறுக்கி மூடினார். மூடிய பிறகுதான் அவள் கவனித்தாள். பறவையும் உள்ளேதான் இருந்தது.