பன்னிரண்டு குழி ஆட்டம்

"இதைப் பிடிச்சுண்டா கை நடுங்காதுன்னு அட்டையில போட்டிருக்கே, வாஸ்தவமா?"

அருள்ராஜ் நிமிர்ந்து பார்த்தார். பாலக்கரையில் இருக்கும் அவருடைய விளையாட்டுச் சாமான் கடைக்கு வருகிறவர்கள் கிரிக்கெட் மட்டை கேட்பார்கள், கேரம் பவுடர் கேட்பார்கள். நாலு வருஷமாக அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த கோல்ஃப் பயிற்சிக் கைப்பிடியை ஒருத்தர் கையில் எடுத்தது அன்றைக்குத்தான்.

எடுத்தவருக்கு அறுபது வயதிருக்கும். பெயர் ராஜகோபாலன், ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். பேன்ட், சட்டை, புருவம்வரை இறக்கிவிட்ட வெள்ளைத் தொப்பி. வலது கை மட்டும் லேசாக ஆடிக்கொண்டே இருந்தது.

"வாஸ்தவம்தான் சார். இந்த ரப்பர்ல பள்ளம் பள்ளமா இருக்கு பாருங்க. எந்த விரல் எங்க உட்காரணுமோ அதுவே உட்கார வச்சிடும். மட்டை இருக்கா, வேணுமா?"

"வேண்டியது ஆத்துல இருக்கு. இது மட்டும் போறும்."

அருள்ராஜுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இளவயதில் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு மைதானத்தில் அதிகாரிகளுக்குப் பை தூக்கித் தூக்கியே கோல்ஃபைக் கரைத்துக் குடித்தவர் அவர். குடித்ததைச் சொல்ல ஆள் கிடைக்காமல் மனைவி ஜோதியிடமே சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிறவர். கிடைத்த ஆளை விடுவாரா? ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"கைக்கு என்ன ஆச்சு சார்?"

"எட்டு மாசம் முன்னாடி ஸ்ட்ரோக். காலும் பேச்சும் சரியாப் போச்சு. கை மட்டும் இப்படி. அன்னியிலேருந்து அந்தப் பக்கமே போகலை. எல்லாரும் வரிசையா நிக்கறச்சே நான் எந்த மூஞ்சியோட போய் நிக்கறது? வர்ற புதன்கிழமை போயே ஆகணும்னு ஒரு வைராக்கியம். கை ஒத்துழைக்கலைன்னா, இனிமே இந்த ஜன்மத்துல இல்லை."

சொல்லிவிட்டுத் தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"போறீங்க சார். நான் அனுப்பி வைக்கிறேன். எத்தனை குழி ஆடணும்?"

ராஜகோபாலன் ஒரு கணம் விழித்தார். "பன்னிரண்டு இடம்."

"கோல்ஃப்னா ஒன்பது, இல்லாட்டி பதினெட்டு. பன்னிரண்டு கேள்விப்பட்டதில்லையே?"

"எங்களுக்குப் பன்னிரண்டுதான்."

ஸ்ரீரங்கத்துக்காரர்கள் எதற்கும் தனி வழக்கம் வைத்திருப்பார்கள் என்று அருள்ராஜ் விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து ஆறு நாள், தினமும் பத்து மணி பஸ்ஸில் தொப்பியோடு வந்து இறங்கினார் ராஜகோபாலன்.

"இறுக்காதீங்க சார். மூடியில்லாத பேஸ்ட் டியூபைப் பிடிக்கிற மாதிரி பிடிங்க. பேஸ்ட்டும் வரக் கூடாது, டியூபும் விழக் கூடாது. தோளைத் தொங்கப் போடுங்க. மூச்சை விட்டுட்டு ஆரம்பிங்க. கையைப் பார்க்காம, போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பாருங்க."

"கண்ணாடி முன்னாடி நின்னு பண்ணலாமோ?"

"பண்ணணும் சார். பெரிய ஆட்டக்காரங்களே அப்படித்தான் பண்றாங்க."

மூன்றாம் நாள், கைப்பிடியில் மட்டையைச் செருகும் ஓட்டை பெரிதாக இருக்கிறது, சின்னதாக்கித் தர முடியுமா என்று கேட்டார். அருள்ராஜ் ரப்பரை வெட்டி அடைத்தார். இன்னும் சின்னதாக என்றார். மறுபடியும் அடைத்தார். இன்னும் கொஞ்சம் என்றார்.

"உங்க சார் என்ன, தென்னங்குச்சியிலயா ஆடப் போறார்?" என்று சாப்பாடு கொண்டுவந்த ஜோதி சிரித்தாள்.

"ஒவ்வொருத்தர் மட்டை ஒவ்வொரு மாதிரி. உனக்குத் தெரியாது, சும்மா இரு" என்றார் அருள்ராஜ். அவருக்கும் தெரியாது.

ஆறாம் நாள் அந்தக் கை பத்து நிமிஷம் ஆடாமல் நின்றது. ராஜகோபாலன் கைப்பிடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கிளம்பினார்.

புதன்கிழமை காலை, மாதா படத்துக்கு ஒரு மெழுகுவத்தி கூடுதலாக ஏற்றினார் அருள்ராஜ். மத்தியானம்வரை வேலை ஓடவில்லை. கவுண்டருக்கு அடியில் குனிந்து ஷட்டில் காக் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே குரல் கேட்டது.

"அருள்ராஜ், பன்னிரண்டும் ஆச்சு. ஒண்ணுகூடக் கோணலை."

"நிஜமாவா சார்?" டப்பாக்கள் சரிந்தன. அருள்ராஜ் அவற்றைப் பிடிப்பதா எழுந்திருப்பதா என்று தவித்தார்.

"நீங்க பெத்த தாயார் மாதிரி சொல்லிக் கொடுத்தேள். இந்த நன்றியை நான் எங்கே கொண்டுபோய்த் தீர்ப்பேன்? அக்காரவடிசல் கொண்டுவந்திருக்கேன், ஜோதிக்கும் கொடுங்கோ. இந்தத் தொப்பியையும் நீங்களே வச்சுக்கோங்கோ, இனிமே நேக்கு வேண்டாம். ஒரு அபராதம் மட்டும் மன்னிக்கணும். நீங்க அவ்வளவு ஆசையா சொல்லித் தரச்சே, கோல்ஃப் பந்தை நான் கண்ணால பார்த்ததுகூட இல்லைன்னு சொல்ல மனசு வரலை."

"அப்ப எதைத்தான் சார் ஆடுனீங்க?" என்று எழுந்த அருள்ராஜ் அப்படியே நின்றுவிட்டார்.

எதிரே பஞ்சகச்சம் கட்டி, வெற்று மார்போடு ராஜகோபாலன். நெற்றி, கழுத்து, மார்பு, வயிறு, தோள் என்று பளிச்சென்ற திருமண், ஒவ்வொன்றின் நடுவிலும் இழை பிசகாத சிவப்புக் கோடு. அருள்ராஜ் விரல் விட்டு எண்ணினார். பத்துதான் வந்தது.

"மீதி ரெண்டும் பின்னாடி" என்று திரும்பிக் காட்டினார் ராஜகோபாலன். "ஆத்துக்காரி நாமம் இட்டு விடறேன்னுதான் சொன்னா. என் கையால இட்டுண்டாத்தான் கோஷ்டிக்குப் போவேன்னு எட்டு மாசம் வெறும் நெத்தியைத் தொப்பியில மறைச்சுண்டு திரிஞ்சேன். இன்னிக்குப் பெருமாளுக்கு முன்னாடி வரிசையில நின்னு பாசுரம் சேவிச்சேன்."

அவர் இடுப்பில் செருகியிருந்த கோல்ஃப் கைப்பிடியின் நுனியில், தென்னங்குச்சியைவிட மெல்லிய வெள்ளிக் கம்பி ஒன்று, நாமத்தின் சிவப்பு ஒட்டிச் சிவந்திருந்தது.