தாலாட்டின் வேகம் அறுபது

"முப்பத்தெட்டு போதாதுடா, நாப்பது வை" என்று ஹாலிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

அறைக்குள் தம்பி கணினியில் டெம்போவை நிமிடத்துக்கு நாற்பது தாளமாக மாற்றினான். இசைக்குறிப்பு எழுதும் சாஃப்ட்வேர் அவன் எழுதிய மெட்டை மறுபடி முதலிலிருந்து வாசித்தது.

"நாப்பத்தஞ்சு."

"மெதுவா வேணும்னு நீதானே தாலாட்டு கேட்டே? இந்த வேகத்துல தூங்குற குழந்தைகூட எழுந்து ஓடிடும்."

"ஓடட்டும். கால் பாட்டை முந்திட்டுப் போகுதுடா, நான் என்ன பண்ண?"

"போன வாரம் முப்பதுக்கே கால் பின்னிச்சே."

"அது போன வாரம். அம்பது வை, சீக்கிரம்."

வைத்தான். அடுத்த நிமிடமே அறுபது கேட்டாள். "என் பாட்டைக் கொன்னே போட்டுட்டே" என்று அறுபதைத் தட்டிவிட்டு, சண்டை போடவே ஹாலுக்குப் போனான்.

வாக்கர் சுவரோரம் தனியாக நின்றது. பக்கவாதத்தில் ஆறு மாதம் முடங்கிக் கிடந்து, போன வாரம்தான் வாக்கரைப் பிடித்து நடை பழகத் தொடங்கிய அப்பா, வெறுங்கையோடு, தாளம் தப்பாமல் அடியெடுத்து வந்துகொண்டிருந்தார். பிடிக்கத் தயாராக நீட்டிய கைகளோடு அக்கா பின்னாலேயே வந்தாள்.

மகனைப் பார்த்ததும் அப்பா நின்றார். வாய் இன்னும் லேசாகக் குழறியது.

"தாலாட்டு போதும்டா. ஓடுற மாதிரி ஒண்ணு எழுது."