அடிபட்ட வரி

"மவ்ஜூதா அக்கா, பெண்கள் சந்தோஷமா பர்தாவை எரிச்சாங்கன்னு சோவியத் காலத்துல புத்தகம் எழுதினீங்க. இப்ப சுதந்திரம் வந்தாச்சு. மிரட்டித்தான் எரிக்க வெச்சாங்கன்னு மாத்திக் குடுங்க," என்றார் உஸ்பெகிஸ்தான் தலைநகர் தாஷ்கண்டில் ஆய்வு நிறுவனம் ஒன்றின் புது இயக்குநர்.

"எங்கம்மா ஆசைப்பட்டுத்தான் எரிச்சா, தம்பி. அன்னிக்கு ராத்திரியே அவளைக் கொன்னது யாருன்னும் எழுதியிருந்தேன். கொன்னவர் கட்சித் தலைவர்னு அந்த வரியை அடிச்சுட்டாங்க. இப்பவாவது போடலாமா?"

"தாராளமா போடுங்க. கட்சிக்காரன் யோக்கியதை ஊருக்குத் தெரியட்டும். யாரந்தப் பாவி?"

மவ்ஜூதா இயக்குநரின் நாற்காலிக்கு மேலே சுவரைப் பார்த்தார். கட்சித் தலைவராக இருந்து, ஸ்டாலின் ஆட்சியில் சுடப்பட்டு, இப்போது தேசத் தியாகி ஆகிவிட்டவரின் படம். போன வாரம் இயக்குநரே திறந்துவைத்தது.

"எங்கப்பா."

இயக்குநர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்த வரி இப்பவும் வேண்டாம்க்கா."