மெஷின் வைத்தியம்

"மெஷின்ல லைட்டே எரியலை! பிளக்கைப் பாருங்க, கீழ கெடக்குது! இதுக்குப் பேரு வைத்தியமாங்க?"

பூபதி போட்ட சத்தத்தில், வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து வந்து உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

மலைமேல் இருக்கும் செம்மேடு பஸ் ஸ்டாண்டை ஒட்டி, ஒரு தொண்டு நிறுவனம் இலவசமாக நடத்தும் பிசியோதெரபி சென்டர் அது. இரண்டே அறைகள். உள்ளறைக் கட்டிலில் பூபதியின் மனைவி தாமரைச்செல்வி தூக்கம் கலைந்து மிரள மிரள உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வலது முழங்காலைச் சுற்றி வளையம் மாதிரி ஒன்று மாட்டியிருந்தது. அதிலிருந்து ஒரு ஒயர் மேஜைமேல் இருந்த காந்த அலை மெஷினுக்குப் போனது. மெஷின் அணைந்து கிடந்தது.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, சார்" என்றாள் மைதிலி. அங்கிருக்கும் ஒரே பிசியோதெரபிஸ்ட்.

"எதுக்குங்க மெதுவாப் பேசோணும்?" பூபதி வாசலில் நின்றவர்கள் பக்கம் திரும்பினான். "நீங்களே சொல்லுங்க. பலாப்பழம் சுமந்துக்கிட்டு சரிவுல இறங்கறப்ப எஞ்சம்சாரம் வழுக்கி விழுந்துட்டா. ஸ்கேன் எடுத்தா, முட்டியில ஜவ்வு பாதி கிழிஞ்சிருக்குதுன்னாங்க. ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி பண்ணுங்க, கூடவே இந்தக் காந்த மெஷினும் வெச்சுப் பாக்கலாம்னாங்க. அன்னைலிருந்து தெனமும் திண்ணனூர் நாட்டுல எங்க ஊர்ல இருந்து நொண்டி நொண்டி நடந்து, பஸ் ஏறி வர்றா. இங்க என்னடான்னா, செத்த மெஷினை மாட்டித் தூங்க வெச்சிருக்காங்க!"

"அட, அநியாயமே!" என்றாள் குழந்தையோடு நின்ற ஒருத்தி.

"இந்த மெஷின்ல சூடும் தெரியாது, ஷாக்கும் அடிக்காது. ஓடுதா ஓடலையான்னு இவங்களுக்கு எங்க தெரியப்போவுதுன்னு நெனைப்பு. மலைக்காரன்னா அத்தனை இளக்காரம்!"

பூபதியின் அந்த வார்த்தை எல்லோருக்கும் சுருக்கென்று தைத்தது. கழுத்து வலிக்காக வந்திருந்த தாலுகா ஆபீஸ் கிளார்க் நல்லுசாமி, போனை எடுத்து வீடியோவை ஆன் செய்தார்.

"எத்தனை நாளாம்மா இப்படி நடக்குது?" என்று மைதிலியைக் கேட்டார்.

மைதிலி தாமரைச்செல்வியைப் பார்த்தாள். அவள், வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையை ஆட்டினாள்.

"எட்டு நாளா, சார்."

"எட்டு நாளா! மெஷின் ரிப்பேர்னா மேல எழுதிப் போட வேண்டியதுதானே?"

"ரிப்பேர் இல்ல. நல்லாத்தான் ஓடுது."

பூபதி பாய்ந்துபோய் பிளக்கைச் சொருகினான். 'பீப்' என்ற சத்தத்தோடு பச்சை லைட் எரிந்தது. அவ்வளவுதான், அவன் கோபம் தலைக்கேறிவிட்டது.

"பாத்தீங்களா! ஓடற மெஷினைப் போடறதுக்குக்கூட கை வலிக்குதா இந்தம்மாவுக்கு? ஊட்டு வேலையெல்லாம் போட்டது போட்டபடி கெடக்க, பொம்பளையை அனுப்பி வெக்கறோமே, நாங்க என்ன கிறுக்கனுகளா?"

"நல்ல மனுசன். சம்சாரத்துக்காக எப்படித் துடிக்கிறாரு பாருங்க" என்றாள் அந்தப் பெண்.

"வீடியோ முழுக்க வந்திருச்சுங்க" என்றார் நல்லுசாமி. "நாளைக்கே இந்தம்மா இங்க இருக்காது."

மைதிலியின் கண்கள் கலங்கிவிட்டன. அவள் மறுபடியும் தாமரைச்செல்வியைத்தான் பார்த்தாள்.

பூபதி மனைவியின் கையைப் பிடித்து இழுத்தான். "எந்திரி, போலாம். எங்கக்கா ஊட்டுல இருந்து ஆறு பேரு வந்து உக்காந்திருக்காங்க. சோறாக்க ஆளில்லாமத்தான் உன்னைக் கூட்டிப் போக வண்டியை எடுத்துக்கிட்டு வந்தேன். வந்ததும் நல்லதாப் போச்சு, இந்தக் கூத்தைப் பாத்தேன்."

எழுந்து நின்ற தாமரைச்செல்விக்கு முழங்கால் சட்டென்று மடங்கியது. மேஜையைப் பிடித்துக்கொண்டாள். மைதிலி ஓடிவந்து தாங்கினாள்.

"அவளைத் தொடாதீங்க!" என்று கத்தினான் பூபதி.

"மேடத்தை இனி ஒரு வார்த்தை பேசாதீங்க!"

தாமரைச்செல்விதான். அவளுக்கு இத்தனை பெரிய குரல் உண்டென்று பூபதிக்கே அன்றுதான் தெரிந்தது.

"மெஷின் வெக்கறது போன வாரமே முடிஞ்சுபோச்சுங்க. எழுதிக் குடுத்த இருபது நாளும் மேடம் சரியாத்தான் வெச்சாங்க. இனித் தெனமும் வர வேண்டாம், ஊட்டுலயே பயிற்சி பண்ணு, மத்தியானத்துல காலை நீட்டிப் படுன்னாங்க. நாந்தான் அவங்க கையைப் புடிச்சுக் கெஞ்சினேன், இன்னும் ஒரு மாசம் வர்றேன்னு. இந்த வளையத்தையும் தெனம் நானேதான் எடுத்து மாட்டிக்கறேன்."

நல்லுசாமி போனைக் கீழே இறக்கினார்.

"உனக்கென்ன பைத்தியமாடி?" பூபதியின் குரல் இறங்கியிருந்தது. "ஓடாத மெஷினுக்கு எதுக்கு இத்தனை தூரம் வர்றே?"

தாமரைச்செல்வி அவனை நேராகப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஸ்கேன் எடுத்த அன்னைக்கே டாக்டர் ரெஸ்ட்டுன்னுதானே எழுதிக் குடுத்தாரு? அதைப் படிச்சுப் பாத்துட்டு, அன்னைக்குச் சாயந்திரமே என் கையில தண்ணிக்குடத்தைக் குடுத்தீங்க. மெஷின்னு சொன்னதுக்கப்புறந்தானே என்னை ஒரு மணி நேரம் படுக்க உட்டீங்க!"