முகம் காட்டாத பெண்

சாயங்காலமானால் தீர்த்தகிரி வீட்டுப் பெரிய டிவியின் முன்னால் தெருப் பெண்கள் கூடிவிடுவார்கள். சீரியலைவிடக் குடும்பப் பஞ்சாயத்து நிகழ்ச்சிதான் அவர்களுக்கு உயிர்.

அன்றைக்கு வந்த பெண்ணின் முகத்தை மங்கலாக்கி, குரலையும் மாற்றியிருந்தார்கள். புருஷன் அடி தாங்காமல், வயிற்றுப் பிள்ளையோடு மழையில் ஓடிவந்து தாய்வீட்டுக் கதவைத் தட்டினாளாம். அம்மா திறக்கவே இல்லையாம். திரும்பிப் போகும் வழியிலேயே பிள்ளை கலைந்துவிட்டதாம்.

"இன்னா பொம்பள அவ! பெத்தவளா, பேயா?" என்று பக்கத்து வீட்டுக் கோமளா மூக்கைச் சிந்தினாள்.

"அவளையெல்லாம் நடுரோட்ல நிக்கவெச்சி செருப்பால அடிக்கணும்!" என்றாள் தீர்த்தகிரியின் மனைவி அம்மாக்கண்ணு. எல்லாரையும்விட அவள் குரல்தான் ஓங்கியிருந்தது.

தீர்த்தகிரி மட்டும் திரையில் அந்தப் பெண் காதைத் தடவுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிகழ்ச்சி முடிந்து எல்லாரும் கிளம்பினார்கள். அம்மாக்கண்ணு கதவைச் சாத்தினாள்.

"அது நம்ம பெரியவ நதியா," என்றார் தீர்த்தகிரி. "பேசறப்போ காதைத் தடவிக்கினே இருந்தா, பாத்தியா? அன்னிக்கி மழையில சத்தம் கேட்டு நான் எழுந்தப்போ, நாய் ஒரசுதுன்னு சொன்னியே..."

அம்மாக்கண்ணு அசரவில்லை.

"சின்னவளைப் பொண்ணு பாக்க நாளைக்கி வர்றாங்க. பெரியவ வாழாம வந்து வூட்ல குந்திக்கினா, சின்னவளை எவன் கட்டுவான்? மூஞ்சியும் தெரியல, கொரலும் தெரியல. நீ வாயை மூடிக்கினு இரு, போதும்."

தீர்த்தகிரி எழுந்து டிவியை அணைத்தார். பிறகு கேட்டார்:

"எத்தினி மணிக்கி வர்றாங்க?"