காட்டோரக் குளவி

"அந்த ஒரு செடிய ஏன் கொழுந்தெடுக்காம விட்டே, திரேசா?"

"குளவிக் கூடு இருக்குங்க கங்காணி."

"போன ரவுண்டும் இதைத்தானே சொன்னே?"

"இன்னும் காலி பண்ணலீங்களே!"

பக்கத்துத் தேயிலை நிரைப் பெண்கள் சிரித்தார்கள். ரொபர்ட் கங்காணி சிரிக்கவில்லை. மாமியார் செத்துவிட்டாள் என்று லீவு கேட்ட நல்லையாவின் வீட்டுக்கு மாலையோடு போய், அந்த மாமியார் கையாலேயே தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு வந்த மனுசன் அவர்.

"பொய்யின்னு தெரிஞ்சா அரைப் பேருதான். அரைநாள் சம்பளம் போயிரும், பாத்துக்க!"

திரேசாவின் முகம் சுண்டியது.

எல்லாரும் கொழுந்து நிறுக்க இறங்கியதும், கங்காணி தலையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு காட்டோரத்துச் செடியை நெருங்கினார். ஒரு ரீங்காரமும் இல்லை. கிளையை விலக்கினார்.

அடியில் கிடந்த சருகு கண்ணைத் திறந்தது!

விரல் நீள ஓணான். மூக்கு நுனியில் குட்டிக் கொம்பு. ஆளைக் கண்டும் ஓடாமல், குழிக்குள் இருந்த இரண்டு வெள்ளை முட்டைகளின் மேல் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"ரெண்டு வாரமா வயித்தைத் தூக்கிக்கிட்டு இங்கனயேதாங்க கெடந்துச்சு," பின்னாலேயே திரும்பி ஏறி வந்த திரேசாவின் குரல். "நாளைக்கு முள்ளு குத்த ஆள் வருது. முள்ளால மண்ணைக் கிளறுனா முட்டை தப்புமா?"

"அதுக்குப் பொய் சொல்றதா?"

"ஓணான்னா யாருங்க நிப்பாட்டுவா? குளவின்னாத்தான் பயப்படுவாங்க."

"பொய் பொய்தான்." கங்காணி விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலை, முள்ளு குத்தும் ஆட்களோடு தோட்டத்துச் சின்னத்துரையே வந்தார்.

"கங்காணி, அந்தச் செடியில மெய்யாவே குளவியா? இல்ல, திரேசா கதை விடுதா?"

துரை செடியை நோக்கி நடந்தார். திரேசாவின் கை கொழுந்திலேயே நின்றுவிட்டது.

"ஐயோ, கிட்டப் போகாதீங்க தொரை!" கங்காணி குறுக்கே பாய்ந்தார். "நேத்து என் கண்ணால பாத்தேன். வெரல் நீளம் இருக்கு. மூக்குல கொம்பு வேற!"

துரை வந்த வேகத்தைவிட வேகமாக இறங்கினார்.

"மூணு மாசத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தரும் போக வேணாம்!"

திரேசா கொழுந்துக் கூடைக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள்.

ஆனாலும் கங்காணி தன் சட்டத்தை விடவில்லை. அன்று சாயங்காலம் திரேசாவுக்கு முழுப் பேர் விழுந்தது. ரொபர்ட் கங்காணிக்கு அரைப் பேர்.