பதினோராவது நோட்டு

“என் கைக்குப் பீப்பாய் செய்யத்தான் தெரியும் ஐயா. நோட்டு செய்யத் தெரிஞ்சா, நான் ஏன் இந்தக் கிழிஞ்ச பூட்ஸோட வந்து நிக்கப்போறேன்?” என்றார் ஆம்ரி டோல்.

நீதிமன்றம் சிரித்தது. ஓஹாயோ மாநிலம் பிறந்து முப்பது வருஷம்கூட ஆகவில்லை. அந்தச் சிற்றூரில் இதற்குமுன் இத்தனை கூட்டம் கூடியது, ஊருக்கு ஒரு யானை வந்தபோதுதான்.

ஆம்ரிக்குச் சிரிப்பு வரவில்லை. கள்ள நோட்டுக்குப் பத்து வருஷம் சிறை. வீட்டில் மூன்று பிள்ளைகள், நாலாவது வயிற்றில்.

“நோட்டை யார் குடுத்தது?” என்றார் அரசு வக்கீல்.

“வெதர்பி ஐயாதான். ரெண்டு பீப்பாய் வாங்கிக்கிட்டு, அவர் வீட்டு வாசல்ல அவர் கையாலயே குடுத்தார்.”

“அதாவது, பேங்க் தலைவரே தன் பேங்க்குக்குக் கள்ள நோட்டு அடிச்சு, உன் தலையில கட்டிட்டார். அப்படித்தானே?”

மறுபடியும் சிரிப்பு.

ஹைரம் வெதர்பி சாட்சிக் கூண்டில் நின்றார். பன்னிரண்டு வருஷம் மாநிலச் சட்டசபையில் இருந்தவர். அவர் பேச எழுந்தால் ஆறே ஓடாமல் நின்று கேட்கும் என்பார்கள். அந்தப் பத்து வருஷச் சட்டமே அவர் தொண்டை கிழியப் பேசிக் கொண்டுவந்ததுதான். பிறகு ஊர் திரும்பி பேங்க் தொடங்கினார். அப்போதெல்லாம் ஒவ்வொரு பேங்கும் தன் நோட்டைத் தானே அச்சடித்தது. ஒவ்வொரு நோட்டிலும் தலைவர் மையால் கையெழுத்திட வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஊர் அந்தக் காகிதத்தை நம்பியது.

வக்கீல் பத்து நோட்டுகளை மேசையில் பரப்பினார். பத்திலும் கையெழுத்து கொடி படர்ந்தாற்போல இருந்தது. பதினோராவதாக வைத்த ஆம்ரியின் நோட்டில் மட்டும் கோழி சீய்த்த மண்போல இருந்தது.

“குழந்தைகூடச் சொல்லிடும். இருந்தாலும் நீங்க சொல்லணும். இது உங்க கையெழுத்தா?”

வெதர்பி முன்வரிசையில் இருந்த மனைவி தீர்சாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, நாலு தேர்தல்ல உங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன்,” என்றார் ஆம்ரி. “எனக்காக ஒரு வார்த்தை பேசுங்க.”

“சொல்லிடுங்க,” என்றாள் தீர்சா. “அந்த மனுஷனுக்குப் பிள்ளைகுட்டி இருக்கு. என்னைப் பார்க்காதீங்க.”

நீதிபதி அவளை அதட்டுவதற்குள் வெதர்பி பேசிவிட்டார். குரல் மேசையைக்கூடத் தாண்டவில்லை.

“நான் போட்ட கையெழுத்துதான். வலது கை விழுந்து ஆறு வருஷமாச்சு. வெளியே தெரிஞ்சா பேங்கை யார் நம்புவாங்கன்னு கோட்டுப் பைக்குள்ளயே ஒளிச்சு வச்சிருந்தேன். அன்னிக்கு இவ காய்ச்சல்ல கிடந்தா. வேற வழியில்லாம இடது கையால நானே போட்டேன்.”

பரப்பியிருந்த பத்து நோட்டுகளையும் பார்த்தார்.

“போலி, இதெல்லாம்தான்.”

தீர்சா அதற்குள் எழுந்து நின்றிருந்தாள்.